பழைய கார்களின் டிஸ்ட்ரிபியூட்டரும் டைமிங் பணியும்: தமிழ்நாட்டு வரலாறு

டிஸ்ட்ரிபியூட்டர் என்பது பெட்ரோல் எஞ்சினில் காயில் உண்டாக்கும் உயர் மின்னழுத்தத்தை ஒவ்வொரு சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கிற்கும் முறைப்படி பகிர்ந்தளிக்கும் கருவியாகும். தீப்பொறி எழ வேண்டிய நேரத்தையும் பழைய கார்களில் இதுவே தீர்மானித்தது. இக்கருவியைச் சரிபார்த்து அமைக்கும் வேலை மெக்கானிக்குகளின் முதன்மைத் திறன்களில் ஒன்றாக விளங்கியது.

தோற்றமும் உள்நாட்டு உற்பத்தியும்

தொடக்ககாலக் கார்கள் பலவற்றில் மேக்னெட்டோ தீப்பொறியைத் தந்தது. அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய பேட்டரி இக்னிஷன் முறை 1910ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் இடம்பெற்றது. பின்னர் இம்முறையே உலகெங்கும் பரவியது.

விடுதலைக்குப் பின் கார் உற்பத்தி இந்தியாவில் வளர்ந்தபோது மின்பாகங்களை இங்கேயே செய்யும் தேவை எழுந்தது. மதுரையை மையமாகக் கொண்டு மோட்டார் தொழிலை வளர்த்த டி.வி.சுந்தரம் அய்யங்கார் (1877–1955) தோற்றுவித்த டி.வி.எஸ். நிறுவனமும் இங்கிலாந்தின் லூகாஸ் நிறுவனமும் இணைந்து 1961இல் லூகாஸ்-டி.வி.எஸ். நிறுவனத்தை அமைத்தன. சென்னையை அடுத்த பாடியில் அதன் தொழிற்சாலை அமைந்தது. டிஸ்ட்ரிபியூட்டர், டைனமோ, ஸ்டார்ட்டர் மோட்டார் போன்றவை உள்நாட்டுத் தயாரிப்புகளாயின.

செயல்படும் முறை

டிஸ்ட்ரிபியூட்டரின் தண்டு, எஞ்சினின் கிராங்க் தண்டைவிடப் பாதி வேகத்தில் சுழலும். நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும்போது வினாடிக்கு 100 தீப்பொறிகள் எழுகின்றன. தண்டிலுள்ள கேம் சி.பி. பாயிண்டைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு தீப்பொறி பிறக்கிறது.

வேகம் கூடும்போது தீப்பொறி முன்கூட்டியே எழ வேண்டும். இதற்காக உள்ளே இரண்டு எடைகளும் இரண்டு ஸ்பிரிங்குகளும் உண்டு. சுழற்சியில் எடைகள் வெளிநோக்கி விரிந்து கேமை முன்னே திருப்பும். பல லூகாஸ் வகைகளில் ஒரு ஸ்பிரிங் சற்றுத் தளர்வாகவே இருக்கும். அது அதிக வேகத்தில் மட்டும் செயல்படுவதற்கான ஏற்பாடு. பழுது என்று கருதி அதை இறுக்கினாலோ ஒரே மாதிரி ஸ்பிரிங்குகளைப் போட்டாலோ டைமிங் முழுவதும் மாறிவிடும். தீப்பொறி மிகவும் முந்தினால் எஞ்சின் தட்டும். நாளடைவில் பிஸ்டன் சேதமடையும். மிகவும் பிந்தினால் எஞ்சின் சூடேறும், இழுவை குறையும், பெட்ரோல் வீணாகும்.

பணிமனைக் கருவிகள்

பெரிய பணிமனைகளுக்கென டிஸ்ட்ரிபியூட்டர் சோதனை இயந்திரங்கள் விற்பனைக்கு வந்தன. சிகாகோவின் சன் எலெக்ட்ரிக் நிறுவனத் தயாரிப்புகள் இவற்றில் புகழ்பெற்றவை. காரிலிருந்து கழற்றிய டிஸ்ட்ரிபியூட்டரை இயந்திரத்தில் பொருத்தி மின்மோட்டாரால் சுழற்றுவர். பாயிண்ட் திறக்கும் ஒவ்வொரு கணமும் 360 பாகை வளையத்தில் ஓர் அம்பு ஒளிரும். நான்கு சிலிண்டர் வகையில் அம்புகள் 90 பாகை இடைவெளியில் நிற்க வேண்டும். அவை நடுங்கினால் தண்டின் புஷ் தேய்ந்துள்ளது என்று பொருள். வேகத்தைக் கூட்டி, அம்பு நகரும் பாகையைத் தயாரிப்பாளரின் அட்டவணையோடு ஒப்பிடுவர். இங்கு 10 பாகை என்பது கிராங்க் தண்டில் 20 பாகையாகும்.

இத்தகைய இயந்திரம் இல்லாத இடங்களில் ஃபீலர் கேஜ், 12 வோல்ட் பல்பு, காது ஆகிய மூன்றுமே கருவிகள். லூகாஸ் 25டி4 வகையில் பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வரை இருக்க வேண்டும். முதலில் இடைவெளியையும் பிறகே டைமிங்கையும் அமைக்க வேண்டும். இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும்.

காவிரிப் படுகையில்

காவிரி கடலில் கலக்கும் பூம்புகாருக்கு ரயில் பாதை இல்லை. சீர்காழி, மயிலாடுதுறை நகரங்களிலிருந்து சாலை வழியாகவே அங்கு செல்ல வேண்டும். அம்பாசிடர் போன்ற வாடகைக் கார்கள் இத்தகைய ஊர்களுக்குப் பயன்பட்டன. கடலோர ஈரமும் உப்புக்காற்றும் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் பகையானவை. மூடியின் உட்புறத்தில் ஈரம் படிந்தால் மின்சாரம் தவறான வழியில் கசியும். எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது. பாயிண்டில் படலம் பிடித்தால் தீப்பொறி வலுவிழக்கும். மூடியை உலர்ந்த துணியால் துடைப்பதும், பாயிண்டை நுண்ணிய உப்புத்தாளால் தேய்ப்பதும் இதற்கான எளிய வைத்தியங்கள்.

மறைவும் மீட்பும்

டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி தேவையில்லை. ஆகவே டீசல் அம்பாசிடர் பரவியபோதே வாடகைக் கார்களில் டிஸ்ட்ரிபியூட்டரின் இடம் சுருங்கத் தொடங்கியது. பின்னர் மின்னணு இக்னிஷனும் கணினி கட்டுப்படுத்தும் எரிபொருள் பீய்ச்சலும் வந்தன. அம்பாசிடர் உற்பத்தி 2014இல் நின்றது.

இன்று பழைய கார்களை மீட்டெடுப்போருக்குப் புதிய பாயிண்டும் கண்டன்சரும் மட்டும் போதுவதில்லை. அந்தந்த எஞ்சினுக்குரிய எடை, ஸ்பிரிங், பாகை அளவுகள் தெரிய வேண்டும். 2000ஆம் ஆண்டு முதல் நாடெங்கும் ஈயமற்ற பெட்ரோலே விற்கப்படுவதால், பழைய அட்டவணை அளவை அப்படியே பின்பற்றாமல் ஓட்டிப் பார்த்துத் திருத்தவும் நேர்கிறது. இந்தத் திருத்தங்களில் பெரும்பகுதி எழுத்தில் இல்லை. உதவியாளராகச் சேர்ந்து, மூத்த மெக்கானிக் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பும்போது எஞ்சின் ஒலியைக் கேட்டுக் கற்றவர்களிடமே அது தங்கியுள்ளது. பழைய சோதனை இயந்திரம் கிடைத்தால் அந்த அனுபவ அளவுகளைப் பாகைக் கணக்கில் பதிந்து வைக்க முடியும். காரைக் காப்பது போலவே இந்தக் கணக்கைக் காப்பதும் மோட்டார் வரலாற்றைப் பேணும் பணியாகும்.