குறியெதிர்ப்பையும் வித்தும்: கூதிர்காலத் தமிழூரில் விதை காத்த வகை

ஆண்டினை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்த பண்டைத் தமிழர் ஐப்பசி, கார்த்திகை ஆகிய இரு திங்களையும் கூதிர் என்றனர். மேலைநாட்டார் இலையுதிர் காலம் என வழங்கும் பருவத்தோடு இஃது ஏறத்தாழ ஒத்து வருவதாகும். ஆயினும் இரண்டிற்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. குளிர்நாட்டு உழவனுக்கு அக்காலம் கதிரறுத்துக் களஞ்சியம் நிரப்பி, அடுத்த ஆண்டு விதைக்கு வேண்டுவதை ஒதுக்கிவைக்கும் காலம். தமிழ்நாட்டில் தைத் திங்கள் அறுவடையை நோக்கியிருக்கும் உழவனுக்கோ, விதை மண்ணுக்குட் சென்றுவிட்ட காலம். பழைய நெல் தீர்ந்து புதிய நெல் வாராத காலம். நெடுநல்வாடையின் தொடக்கப் பகுதி இதற்கு நல்ல சான்று. அங்கே புதர்தோறும் பீர்க்கு பொன்போலப் பூத்திருக்கிறது. வயலில் நெற்கதிர் தலை காட்டி வளைகிறது. கதிர் வந்ததேயன்றி முற்றவில்லை என்பதனை நினைவிற் கொள்க. கண்ணுக்குப் பசுமையும் வயிற்றுக்கு வறுமையும் ஒருங்கே நின்ற பருவம் அது. அப் பருவத்தில் வீட்டிலுள்ள விதையை உண்ணாது காத்தல் யாங்ஙனம் இயன்றது என்பதே இக்கட்டுரையில் யாம் ஆராயப் புகும் பொருள்.

விதையை உண்ணலாகாது என்னும் கட்டளை அறநூலில் விதியாக எழுதப்பட்டுள்ளதா எனத் தேடுதல் வேண்டுவதன்று. எழுதாமலே யாவரும் அறிந்திருந்த விதி அது. புறநானூற்றில் இரண்டு கையறுநிலைப் பாடல்கள் அதனைக் காட்டுகின்றன. குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் இறந்தபோது ஆடுதுறை மாசாத்தனார் பாடிய 227ஆம் பாட்டும், தகடூரில் வீழ்ந்த எழினியைக் குறித்து அரிசில்கிழார் பாடிய 230ஆம் பாட்டும் கூற்றத்தை ஒரே வகையில் இடித்துரைக்கின்றன. இவ்வேந்தன் உயிரோடு இருப்பின் போர்தோறும் பகைவர் உயிரை உனக்கு இரையாக்குவானே, அவனையே உண்டுவிட்டாயே, விதையைச் சமைத்து உண்டவன் செயலன்றோ இது என்பது அவற்றின் கருத்து. அரிசில்கிழார் விதையை உண்டவனை நிலைகெட்ட குடியைச் சேர்ந்த உழவன் என்கிறார்; மாசாத்தனார் கூற்றத்தைப் பேதை என்றே விளிக்கிறார். ஒருவர் வறுமையைச் சுட்ட, மற்றவர் அறிவின்மையைச் சுட்டினர். உவமை என்பது கேட்போர் முன்னரே ஒப்புக்கொண்ட ஒன்றின்மேல் நிற்பதாகலின், விதையுண்டல் பேதைமைக்கும் கேட்டிற்கும் எல்லையாகக் கருதப்பட்டது என்பதற்கு வேறு சான்று வேண்டா. (பேதைமை கூறிய புலவர்க்கு ஊர்ப்பெயராய் அமைந்த ஆடுதுறை என்னும் பெயரை, 1922இல் நெல்லாராய்ச்சி நிலையம் அமைந்த காவிரிக்கரை ஊர் ஒன்றும் தாங்கி நிற்பது இனியதோர் ஒற்றுமை. அதன்மேல் யாம் எதனையும் கட்டமாட்டோம்.)

இவ்விதி மீறப்பட்ட இடங்களே எமக்குப் பெரிதும் பயன்படுகின்றன. அவற்றுள் தலையாயது புறநானூற்று 333ஆம் பாட்டு. வன்புலத்துச் சிற்றூர் ஒன்றின் தலைவன் மனை அங்கே பேசப்படுகிறது. வீட்டிலிருந்த வரகும் தினையும் இரவலர் உண்டமையால் தீர்ந்துவிட்டன. மீண்டும் விருந்து வருகிறது. மனையாள் அக்கம்பக்கத்தே கடனாகக் கேட்கிறாள், கிடைக்கவில்லை. அதன் பின்னரே, கதிரோடு உலர்த்தி வைத்திருந்த விதைத்தினையை உரலிற் பெய்து குற்றி விருந்தோம்புகிறாள். உரைகாரரும் சொற்பொழிவாளரும் பெரும்பாலும் இதன் ஈற்றையே பாராட்டுவர். விருந்தோம்பலின் உச்சம் என்பர். அது பொருத்தமே. யாம் நோக்க விரும்புவது இடையில் நிற்கும் கடன் முயற்சி. விதைக்குதிரின் வாயைத் திறக்குமுன் அவள் அண்டை வீட்டு வாயிலுக்குச் சென்றாள். அங்கே ஒரு படி தினை கிடைத்திருப்பின் விதை பிழைத்திருக்கும்.

அக்கடனுக்குப் பழந்தமிழில் ஒரு பெயர் உண்டு; அது குறியெதிர்ப்பை. அளவு குறித்து வாங்கி, அவ்வளவே திருப்பிக் கொடுப்பது என்பது அதன் பொருள். வட்டி இல்லை, ஈகையும் அன்று. வறியவர்க்குக் கொடுப்பதே ஈகை, ஏனையவெல்லாம் குறியெதிர்ப்பையின் தன்மையன என்று வள்ளுவர் (குறள் 221) அதனை ஈகையினின்றும் பிரித்து ஒரு படி தாழ்த்தினார். அறநூலார் நோக்கில் அது சரியே. ஆயினும் ஊர் வாழ்வின் வரலாற்றை நோக்குவார்க்கு, தாழ்த்தப்பட்ட அக்குறியெதிர்ப்பையே பெரிதாகத் தோன்றும். குமணனிடம் பரிசில் பெற்று மீண்ட பெருஞ்சித்திரனார், தம் மனைவியை நோக்கி இன்னின்னார்க்கெல்லாம் கொடு என்று கூறும் 163ஆம் பாட்டில், நெடுநாளாகக் குறியெதிர்ப்பை தந்து குடும்பத்தின் பசி தீர்த்தவர்களையும் மறவாது சேர்த்துள்ளார். நெடுநாள் என்னும் அடை நுட்பமானது. ஒருநாட் கைம்மாற்று அன்று. பருவம் முழுதும், ஒருகால் ஆண்டு முழுதும் நிலுவையில் நின்ற கணக்கு. ஒரு வீட்டின் குறைவை மறு வீட்டின் நிறைவால் ஈடுசெய்யும் இவ்வலை இருந்தமையாலேயே விதைக்கலம் மூடியபடி இருந்தது என்பது எம் கருத்து.

அங்ஙனமாயின் அதனை ஒரு பாட்டைக்கொண்டு நிறுவுதல் மிகையன்றோ எனின், ஆயிரம் ஆண்டளவு பிற்பட்ட மற்றொரு நூல் அதே வரிசையை அப்படியே காட்டுதல் காண்க. 12ஆம் நூற்றாண்டிற் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில் இளையான்குடி மாற நாயனார் வரலாறு யாவரும் அறிந்தது. செல்வம் சுருங்கி, கடன் பட்டும் அடியாரை உண்பித்து வந்த அவரது மனைக்கு மாரிக்காலத்து நள்ளிரவில் அடியார் வேடத்தில் இறைவன் எழுந்தருள்கின்றான். என் செய்வது என்று வினவிய கணவர்க்கு மனைவியார் கூறும் மறுமொழியைப் பக்திச் சுவையினின்று சற்றே விலகி நின்று படித்தல் வேண்டும். வீட்டில் ஒன்றும் இல்லை என்கிறார். அயலாரும் இனித் தரமாட்டார் என்கிறார். பொழுதும் போயிற்று, செல்வதற்கு வேறிடமும் இல்லை என்கிறார். அதன் பின்னரே பகலில் வயலில் விதைத்த நெல்முளையை வாரி வந்தால் இயன்றவாறு அமுதாக்கலாம் என்கிறார். இல்லாமை, கடன் வழி அடைபட்டமை, பின்னர் விதை. 333ஆம் பாட்டின் வரிசையே இது. வேறுபாடு ஒன்றே: அங்கே வீட்டில் உலர்ந்திருந்த விதை, இங்கே முளைகட்டி மண்ணில் இறங்கிவிட்ட விதை. நாயனார் இருளிலும் மழையிலும் காலால் வழி தடவிச் சென்று, சேற்று நீரில் மிதந்த முளையைக் கூடையில் வாரி வருகிறார். விறகின்மையால் கூரையின் வரிச்சு அறுக்கப்படுகிறது. கறிக்கு, கொல்லையில் இன்னும் வளர்ந்து நிரம்பாத குறும்பயிர் பறிக்கப்படுகிறது. அடுத்த பருவத்து விளைவு, தலைமேல் உள்ள கூரை, மனைக்கொல்லையின் இளம்பயிர் ஆகிய மூன்றும் ஓரிரவில் தீர்ந்தன. கூதிர்க் காலத்து உழவர் மனையின் முழு இருப்பு எவை எவை என்பதற்கு இதனினும் தெளிவான பட்டியல் வேறு நூல்களில் எமக்குக் கிட்டவில்லை. விருந்தோம்புவான் நிலத்துக்கு விதையும் இடல் வேண்டுமோ என்னும் 85ஆம் குறளுக்கு, இடாமலே விளையும் என்றும், விருந்தினர்க்கு ஆக்கும் விதையை நிலத்துக்கு இடுவானோ என்றும் இருவகையாகப் பொருள் கொள்வாருளர். பின்னைய பொருளை விரும்புவார்க்கு இவ்விரு வரலாறும் துணையாகும்.

இவ்விரண்டிலும் விதை எங்குள்ளது என்பதனை அறிந்து சொல்பவளும் ஆக்குபவளும் மனைவியே என்பதும் கருதத்தக்கது. அண்மைக் காலம் வரை தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் கொல்லைப்பயிர் விதைகள் பெண்டிர் கையிலேயே இருந்தன. ஆடியில் ஊன்றிய அவரையும் புடலும் பீர்க்கும் சுரையும் கூதிரில் பூத்துக் காய்த்துப் பந்தலை நிறைக்கும்போது, நல்ல காய் ஒன்றிரண்டைப் பறியாது கொடியிலேயே முற்றவிடுவர். முற்றிய பீர்க்கங்காயை அடுப்புப் புகை படும்படி இறவாணத்திற் கட்டித் தொங்கவிடுவர். பயற்று விதையைச் செம்மண் குழம்பிட்டு உலர்த்துவர். சிலர் சாம்பலிற் புரட்டிச் சுரைக்குடுக்கையில் இடுவர். வேப்பிலையும் நொச்சியும் சேர்ப்பர். ஒரு வீட்டுக் கொடி மழையில் அழுகின் அடுத்த வீட்டுக் குடுக்கை திறக்கும். கொடுத்த விதைக்கு ஈடாக வேறொரு விதை, பெரும்பாலும் மறு பருவத்தில், வந்து சேரும். யாப்பமைந்த நூல்களில் இதற்கு இடமில்லாமற் போயிற்று. படப்பை என்னும் சொல் சங்கநூல்களில் பலகாலும் பயின்றும், அப்படப்பைக்கு விதை எங்கிருந்து வந்தது எனப் புலவர் எவரும் கூறக் கண்டிலேம்.

நெல்விதைக்கோ காப்பு இன்னும் இறுக்கமானது. நன்கு உலர்ந்த நெல்லை வைக்கோற் புரியால் உருண்டையாகச் சுற்றி இறுக்கி, மேலே சாணமும் மண்ணும் பூசி வைப்பது விதைக்கோட்டை. அதனைப் பிரித்தாலன்றி நெல்லை எடுத்தல் இயலாது. பிரித்தாலோ யாவரும் அறிவர். பூட்டு இல்லாத பூட்டு அது. கோட்டை என்னும் சொல் தென்பாண்டி நாட்டில் 21 மரக்கால் கொண்ட முகத்தலளவைக்குப் பெயராயிற்று. அம்மட்டோ? ஒரு கோட்டை விதைப்பாடு என நிலத்தின் பரப்பையே விதையின் அளவாற் குறித்தனர். நிலத்தை விளைவால் அளவாது விதையால் அளந்த இவ்வழக்கு, விதை குறைந்தால் நிலமும் குறைந்ததாகும் என்னும் எண்ணத்தினின்று தோன்றியது போலும்.

இனி, இவ்வலை ஊரார் அனைவரையும் ஒப்பத் தழுவிற்று என்று கூறுதல் உண்மைக்கு மாறாகும். பள்ளு நூல்கள் இதற்குச் சான்று. முக்கூடற்பள்ளு சீரகச்சம்பா, காடைக்கழுத்தன், மணல்வாரி, மூங்கிற்சம்பா, கருங்குறுவை முதலாக நெல்வகைகளை அடுக்கிக் கூறுகிறது. அப்பெயர்களை அறிந்து சொல்பவன் உழும் தொழிலாளி. அவ்விதைக்குக் கணக்குக் கேட்பவன் பண்ணைக்காரன். வகைதோறும் நிறமும் நாளும் அறிந்த கைக்கு விதை உரியதன்று. அளந்து வாங்கி அளந்து கொடுப்பதற்கு முதலில் அளக்கும் கலம் ஒன்று வீட்டில் இருத்தல் வேண்டும். அஃது இல்லாதார் குறியெதிர்ப்பை வட்டத்துக்குப் புறத்தே நின்றனர். பழமையைப் பாராட்டும் நம்மவர் இதனை மறைத்துப் பேசுதல் எமக்கு உடன்பாடன்று.

வட்டம் சுருங்கிய வரலாற்றை விரித்துரைக்க ஈண்டு இடமில்லை. 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த பெரும்பஞ்சம் ஊர்களை வெறுமையாக்கியது. பஞ்சம் ஓரூரை மட்டும் தாக்கின் அண்டையூர் உதவும். மாவட்டம் முழுதும் தாக்கின் அண்டை வீட்டிலும் உரல் ஒலி இராது. 1884இல் இயற்றப்பட்ட உழவர் கடன் சட்டம் விதையும் மாடும் வாங்க அரசே கடன் தர வழிசெய்தது. தக்காவி என வழங்கிய அக்கடன், அண்டை வீட்டாள் நின்ற இடத்தில் அரசினரை நிறுத்திற்று. பின்னர் நெல்லாராய்ச்சி நிலையங்கள் தோன்றித் தேர்ந்த விதைகளைப் பரப்பின. 1960களின் இடையில் ஆடுதுறை 27, ஐ.ஆர். 8 ஆகிய குறுகிய கால நெல்வகைகள் பரவியதும் விதை பெரும்பாலும் விலைகொடுத்து வாங்கும் பொருளாயிற்று. பசி தணிந்தது, அதனை எளிதாக எண்ணலாகாது. எனினும் பள்ளு நூல்கள் கூறும் பெயர்களிற் பல வயலினின்றும் மறைந்து ஏட்டில் மட்டும் எஞ்சின.

எஞ்சியவற்றைத் தேடித் திரட்டிய முயற்சிகளுள் திருவாரூர் மாவட்டம் திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரங்கத்தில் நிகழ்ந்தது எம் பொருளுக்கு நேரே உரியது. கோ. நம்மாழ்வாரின் வழிநின்ற நெல் ஜெயராமன் (இறப்பு 2018) காட்டுயானம் முதலிய மரபு நெல்வகைகளை ஊரூராகத் தேடிச் சேர்த்தார். அவை நூற்றைம்பதைக் கடந்தன. ஆண்டுதோறும் அங்கே நெல் திருவிழா நடைபெற்றது. வரும் உழவர்க்கு 2 கிலோ விதைநெல் விலையின்றித் தரப்பட்டது. அடுத்த ஆண்டு அவர் 4 கிலோவாகத் திருப்பித் தருதல் வேண்டும் என்பதே உடன்பாடு. 2001ஆம் ஆண்டின் பயிர்வகைப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டமும் உழவர் தம் விளைவினின்று விதை சேமிக்கவும் விதைக்கவும் மாற்றிக்கொள்ளவும் உரிமை தந்து, வணிகப் பெயரிட்டு விற்றலை மட்டும் விலக்கியது.

ஆதிரங்கத்து உடன்பாட்டைக் குறியெதிர்ப்பை எனக் கூறலாமோ எனின், முற்றும் பொருந்தாது. குறித்த அளவே எதிர்வருதல் குறியெதிர்ப்பை. இங்கு இரட்டி வருகிறது. ஆயின் அம்மிகுதி கொடுத்தவரிடம் வட்டியாகத் தங்குவதில்லை. இரண்டு கிலோ முன்னிருந்த இடத்தை நிரப்ப, ஏனைய இரண்டும் முன்பின் அறியாத மற்றோர் உழவரின் நாற்றங்காலுக்குச் செல்கிறது. 333ஆம் பாட்டின் மனையாள் தட்டிய கதவு அண்டை வீட்டுக் கதவு. இங்கே கடன் தருவார் வேறு மாவட்டத்தார், பெறுவார் அவர் முகம் அறியாதவர். கலம் இல்லாதவர்க்கும் இங்கு விதை உண்டு; நிலம் இல்லாதவர்க்கு இன்னும் இல்லை.