‘ஸ்ட்ரே’ பூனை கேம் முடிச்சாச்சா? அதே ஃபீல் தரும் அடுத்த கேமைத் தேர்ந்தெடுப்பது எப்படி? முழு விவரம்

“அக்கா, பூனை கேம் முடிச்சிட்டேன். இதே மாதிரி வேற எதாச்சும் இருக்கா?”

அரியலூர் மாவட்டம் திருமழபாடியில் இருந்து சித்தப்பா மகன் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் இது. கல்லூரி நண்பன் தீபாவளி லீவுக்குக் கொடுத்த கேமிங் லேப்டாப்பில், 3 ராத்திரி உட்கார்ந்து ‘ஸ்ட்ரே’ விளையாட்டை முடித்திருக்கிறான். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர் எங்கள் அப்பாயி. எல்லாம் முடிந்ததும் அவர் கேட்டது ஒரே கேள்விதான்: “அந்தப் பூனை கடைசியில வீட்டுக்குப் போய்ச் சேந்துச்சா இல்லையா?”

போன வருஷ ஐப்பசி மழையில் வீட்டுப் பூனை ஒன்று போனது போனதுதான். அதற்காக இன்னமும் ராத்திரியில் திண்ணையில் ஒரு கிண்ணம் பால் வைக்கிறவர் அப்பாயி. அதனால் அது சும்மா கேட்ட கேள்வி இல்லை.

ஒரே விளையாட்டைப் பார்த்த இரண்டு பேருக்கும் பிடித்தது வேறு வேறு. அடுத்த கேமைத் தேடும்போது முதலில் புரிந்துகொள்ள வேண்டியதும் இதுதான். உங்களுக்கு அதில் எது பிடித்தது என்று தெரிந்தால், அடுத்தது எது என்பதும் தெரிந்துவிடும்.

முதலில், ‘ஸ்ட்ரே’ என்றால் என்ன?

பிரான்ஸைச் சேர்ந்த ப்ளூட்வெல்வ் ஸ்டுடியோ உருவாக்கி, 2022 ஜூலையில் வெளியான விளையாட்டு இது. நீங்கள் ஓர் ஆரஞ்சு நிறப் பூனை. கூட்டத்தோடு போகும்போது தவறி விழுந்து, சுவர்களால் மூடப்பட்ட ஒரு பாதாள நகரத்தில் மாட்டிக்கொள்கிறீர்கள். அங்கே மனிதர்கள் இல்லை. ரோபோக்கள்தான் வாழ்கின்றன. பி-12 என்ற குட்டிப் பறக்கும் ரோபோ துணைக்கு வருகிறது. வெளியே போக வழி கண்டுபிடிக்க வேண்டும். கதை அவ்வளவுதான்.

ஹாங்காங்கில் 1990-களில் இடிக்கப்பட்ட கவுலூன் மதில் நகரத்தின் நெருக்கமான சந்துகளைப் பார்த்துத்தான் இந்த நகரத்தை வடிவமைத்தார்கள். ‘மியாவ்’ சொல்வதற்கென்றே ஒரு பட்டன் உண்டு. சோபாவைப் பிறாண்டலாம், ரோபோவின் மடியில் சுருண்டு தூங்கலாம். அதே ஆண்டு ‘தி கேம் அவார்ட்ஸ்’ விழாவில் சிறந்த இண்டி விளையாட்டு, சிறந்த அறிமுக இண்டி விளையாட்டு என 2 விருதுகளை வென்றது.

‘பூனை கேம்’ என்று தேடினால் ஏன் ஏமாற்றம்?

தம்பி முதலில் செய்தது அதைத்தான். ஸ்டோரில் ‘பூனை’ என்று தேடினான். பாத்திரத்தைத் தள்ளி உடைக்கும் கேம், பூனைக்குச் சட்டை போடும் கேம், 2 நிமிஷத்துக்கு ஒரு விளம்பரம் வரும் கேம் என்று வரிசையாக வந்தது. எல்லாவற்றிலும் பூனை இருந்தது. ‘ஸ்ட்ரே’ மட்டும் இல்லை.

காரணம் எளிது. ‘ஸ்ட்ரே’ மனதில் நின்றதற்குப் பூனை மட்டும் காரணமில்லை. அதில் 4 விஷயங்கள் சேர்ந்திருக்கின்றன. ஒன்று, விலங்கின் உடம்பில் இருப்பது. இரண்டு, யாரும் விளக்கம் சொல்லாமல் அந்த இடமே கதை சொல்வது. மூன்று, கூடவே வரும் ஒரு துணை. நான்கு, பிழைத்து வீடு போய்ச் சேர முடியுமா என்ற தவிப்பு.

இதில் உங்களுக்கு எது? அதன்படி கீழே படியுங்கள்.

1. பூனையாக இருந்ததுதான் பிடித்ததா?

*லிட்டில் கிட்டி, பிக் சிட்டி (2024):* மாடி ஜன்னலில் இருந்து விழுந்த ஒரு கறுப்புப் பூனை, ஜப்பானிய நகரம் ஒன்றில் வீடு திரும்ப வழி தேடுகிறது. வழியில் மற்ற விலங்குகளோடு பேசலாம், தலையில் விதவிதமான தொப்பி போடலாம். ‘ஸ்ட்ரே’யின் இருட்டும் பயமும் இதில் கிடையாது. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு இதுதான் சரி.

*அன்டைட்டில்ட் கூஸ் கேம் (2019):* ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் உள்ள சிறிய குழு செய்தது. நீங்கள் ஒரு வாத்து. அமைதியான கிராமத்தில் தோட்டக்காரரின் சாவியைத் திருடுவது, தொப்பியைப் பறிப்பது என வம்பு பண்ணுவதுதான் வேலை. ‘மியாவ்’ பட்டனுக்குப் பதில் இதில் கத்துவதற்கு ஒரு பட்டன். சோகம் துளியும் இல்லை, சிரிப்பு மட்டும்தான்.

2. பேச்சில்லாமல் அந்த இடத்தில் அலைந்தது பிடித்ததா?

*ஸ்பிரிட் ஆஃப் தி நார்த் (2019):* ஒரு சிவப்பு நரி. சுற்றிலும் ஐஸ்லாந்து மாதிரியான பனி நிலம். வானத்தில் வடதுருவ ஒளி. முழு விளையாட்டிலும் ஒரு வார்த்தை வசனம் கிடையாது. அழிந்துபோன ஓர் இனத்தின் கதையை இடிபாடுகளைப் பார்த்து நீங்களே புரிந்துகொள்ள வேண்டும். மெதுவாகத்தான் போகும். அவசரக்காரர்களுக்குப் பொறுமை போய்விடும். இதன் 2-ம் பாகம் 2025-ல் வந்தது.

*லாஸ்ட் எம்பர் (2019):* ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரக் குழு உருவாக்கியது. நீங்கள் ஒரு ஓநாய். ஆனால் வழியில் பார்க்கும் மற்ற விலங்குகளின் உடம்புக்குள்ளும் போகலாம். பறவையாகிப் பள்ளத்தாக்கைத் தாண்டலாம், மீனாகி ஆற்றில் நீந்தலாம். கூடு விட்டுக் கூடு பாயும் கதை கேட்டு வளர்ந்த நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

*ஓகாமி (2006):* கொஞ்சம் பழசு, ஆனால் இன்றைக்கும் பலர் கொண்டாடுவது. ஜப்பானின் சூரியக் கடவுள் அமதெராசு ஒரு வெள்ளை ஓநாயாக வருகிறார். திரை முழுக்க மை ஓவியம் போல இருக்கும். திரையில் தூரிகையால் வரைந்தால் பட்ட மரம் பூக்கும். சண்டை உண்டு, விளையாட்டும் நீளம். புதுப்பித்த ‘எச்டி’ பதிப்பு இப்போதைய கருவிகளில் ஓடும்.

3. பி-12 மாதிரி ஒரு துணை பிடித்ததா?

*நெவர் அலோன் (2014):* இந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்றுதான் விளையாட நேரம் இருக்கிறது என்றால், இதை எடுங்கள். நூனா என்ற சிறுமியும் ஒரு வெள்ளைப் பனி நரியும் ஓயாத பனிப்புயல் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போகிறார்கள். அலாஸ்காவின் இனுபியாக் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த கதை இது. அந்த மக்களின் பெரியவர்களையும் கதைசொல்லிகளையும் கூட வைத்துக்கொண்டு செய்திருக்கிறார்கள். கதையைச் சொல்லும் குரலும் அவர்கள் மொழியிலேயே ஒலிக்கும். விளையாட விளையாட, அவர்களின் வாழ்க்கையைப் பற்றிய சின்னச் சின்ன ஆவணப் படங்களும் திறக்கும். கம்ப்யூட்டரில் ஒருவர் சிறுமியாகவும் இன்னொருவர் நரியாகவும் சேர்ந்து விளையாடலாம்.

*நேவா (2024):* ஸ்பெயினின் பார்சிலோனா குழு செய்தது. ஒரு பெண்ணும் ஓர் ஓநாய்க் குட்டியும். பருவங்கள் மாற மாற, குட்டி வளர்ந்து பெரிதாகிறது. ஆரம்பத்தில் நீங்கள் அதைக் காப்பாற்றுவீர்கள், பிறகு அது உங்களைக் காப்பாற்றும். ‘ஸ்ட்ரே’யைவிடச் சண்டை அதிகம்.

*தி லாஸ்ட் கார்டியன் (2016):* ஒரு சிறுவனும், பாதி பறவை பாதி விலங்கு மாதிரியான பெரிய ஜீவன் ஒன்றும். பெயர் ட்ரிக்கோ. சொன்னதும் கேட்காது. நிஜ விலங்கு மாதிரியே மூட் பார்த்துத்தான் வரும். பிளேஸ்டேஷன் வைத்திருப்பவர்களுக்கு மட்டும்.

4. வீடு போய்ச் சேருமா என்ற தவிப்பா?

இந்த வகைக்கு வருவதற்கு முன் ஓர் எச்சரிக்கை. இவை மனதைக் கனக்க வைப்பவை.

*எண்ட்லிங் (2022):* மனிதர்கள் நாசமாக்கிய உலகில், பூமியின் கடைசித் தாய் நரி நீங்கள். 4 குட்டிகள். அதில் ஒன்றை ஒருவன் தூக்கிக்கொண்டு போய்விடுகிறான். ராத்திரியில் வளையை விட்டு வெளியே போய் இரை தேட வேண்டும், விடிவதற்குள் திரும்ப வேண்டும். நீங்கள் கவனிக்காவிட்டால் குட்டிகள் செத்துப்போகும். செத்தால் செத்ததுதான். 2023-ல் பிரிட்டனின் ‘பாஃப்டா’ அமைப்பு, பொழுதுபோக்கைத் தாண்டிச் சிந்திக்க வைக்கும் விளையாட்டுக்கான விருதை இதற்குத்தான் கொடுத்தது.

*ஷெல்டர் (2013):* ஸ்வீடன் நாட்டுக் குழுவின் விளையாட்டு. ‘பேட்ஜர்’ எனப்படும் வளைக்கரடி இனத்துத் தாயும் 5 குட்டிகளும். மேலே பருந்து, பின்னால் காட்டுத்தீ. ஒவ்வொரு குட்டியின் உடம்பிலும் கோடுகள் வேறு மாதிரி இருக்கும். அதனால் ஒன்று குறைந்தால், எது குறைந்தது என்று உங்களுக்கே தெரியும்.

என்னிடம் போன் மட்டும்தான் இருக்கு. என்ன செய்ய?

லீவு முடிந்ததும் தம்பியிடமிருந்து லேப்டாப் திரும்பிப் போய்விட்டது. நம்மில் பலரின் நிலைமையும் இதுதான்.

‘ஸ்ட்ரே’ கம்ப்யூட்டர், பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், மேக், நின்டெண்டோ ஸ்விட்ச் ஆகியவற்றுக்காக வந்த விளையாட்டு. ‘ஸ்ட்ரே மொபைல் ஏபிகே’ என்று டெலிகிராமிலும் யூடியூப் டிஸ்கிரிப்ஷனிலும் வரும் லிங்க்குகளை நம்பி இன்ஸ்டால் செய்யாதீர்கள். அவை ஒரிஜினல் இல்லை. போனில் இருக்கும் வங்கி விவரங்களைத் திருடும் ஆப்கள் இப்படித்தான் உள்ளே நுழையும்.

போனுக்கென்றே முறையாக வந்தவையும் உண்டு. ‘எண்ட்லிங்’ ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுக்கும் வெளியானது. ‘நெவர் அலோன்’ விளையாட்டின் மொபைல் பதிப்பு ‘கி எடிஷன்’ என்ற பெயரில் வந்தது. ஐபோன் வைத்திருந்து ஆப்பிள் ஆர்கேட் சந்தாவும் இருந்தால் ‘ஆல்பா’ விளையாடலாம். தீவு ஒன்றில் இருக்கும் சிறுமி, பறவைகளையும் விலங்குகளையும் போட்டோ எடுத்து, அந்த இயற்கைச் சரணாலயத்தைக் காப்பாற்றும் கதை. சண்டை, பயம் எதுவும் இல்லை.

காசு செலவழிக்க வேண்டாம் என்றால் ‘ஸ்கை: சில்ட்ரன் ஆஃப் தி லைட்’ இலவசம். நீங்கள் விலங்கு இல்லை என்றாலும், மேகங்களுக்கு நடுவே பறந்து திரியும் அந்த அமைதி ‘ஸ்ட்ரே’ பிடித்தவர்களுக்குப் பிடிக்கும். விளையாட்டுக்குள் பொருள் வாங்கும் வசதி இருக்கிறது. பிள்ளைகளிடம் கொடுக்கும் முன் அதைப் பூட்டிவிடுங்கள்.

வாங்கும் முன் 3 விஷயம்

* உங்கள் கம்ப்யூட்டரில் ஓடுமா என்று ஸ்டோர் பக்கத்தில் பாருங்கள். ‘ஸ்ட்ரே’க்கே குறைந்தது 8 ஜிபி ரேமும், தனி கிராபிக்ஸ் கார்டும் வேண்டும். ‘நெவர் அலோன்’, ‘ஷெல்டர்’ போன்ற பழைய விளையாட்டுகளுக்கு இவ்வளவு தேவைப்படாது.
* ஸ்டீம் தளத்தில் வாங்கினால், 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.
* அவசரம் இல்லை என்றால் ‘விஷ்லிஸ்ட்’டில் போட்டு வையுங்கள். தள்ளுபடி வரும்போது மெயில் வரும்.

அப்பாயி என்ன சொன்னார்?

தம்பி முதலில் போனில் ‘எண்ட்லிங்’ போட்டான். இரண்டாவது நாள் ஒரு குட்டி செத்துப்போனது. அப்பாயி ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விட்டார். மறுநாள் அவன் கூப்பிட்டும் வரவில்லை.

பிறகு ‘நெவர் அலோன்’ போட்டான். அந்தப் பெரியவரின் குரல் கேட்டதும் அப்பாயி மறுபடி வந்து உட்கார்ந்தார். மொழி புரியாது. கீழே ஓடும் ஆங்கில எழுத்தும் புரியாது. ஆனா, “யாரோ தாத்தா கதை சொல்றாருடா, சத்தமா வை” என்றாராம்.

விலங்குகளைக் கதையின் நாயகனாக வைத்துப் பார்ப்பது திருமழபாடிக்குப் புதிதில்லை. கொள்ளிடக் கரையில் இருக்கும் இந்த ஊரின் வைத்தியநாத சுவாமி கோயிலில், பங்குனி மாதம் நந்தியெம்பெருமானுக்குத் திருக்கல்யாணம் நடக்கும். மாப்பிள்ளை வீட்டுக்காரராகத் திருவையாற்றில் இருந்து ஐயாறப்பர் வருவார். ‘நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம்’ என்று கூட்டம் கூடும். இதே மாவட்டத்தின் கரைவெட்டி ஏரிக்கு இமயமலையைத் தாண்டி வரித்தலை வாத்துகள் வருகின்றன. 2024-ல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. ஒரு விளையாட்டுக்கு இதைவிட நல்ல பயணக் கதை வேண்டுமா?

தமிழால் முடியும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. கனடாவின் டொராண்டோவில் உருவான ‘வெண்பா’, புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பம் ஒன்றின் சமையல் கதை. 2024-ல் ‘பாஃப்டா’வின் சிறந்த அறிமுக விளையாட்டு விருதை அது வென்றது. 2015-ல் ‘நெவர் அலோன்’ வாங்கியதும் இதே விருதுதான்.

சரி, ‘ஸ்ட்ரே’ பூனை வீடு போய்ச் சேர்ந்ததா? அதை இங்கே சொன்னால், இன்னும் விளையாடாதவர்கள் எங்களைச் சும்மா விடமாட்டார்கள். தம்பி அப்பாயிடம் என்ன சொன்னான் என்பதை மட்டும் சொல்லலாம்.

“போயிடுச்சு அப்பாயி.”

அன்றைக்கும் திண்ணையில் பால் கிண்ணம் இருந்ததாம்.