வானொலிப் பெட்டியின் பக்கவாசல்

வீட்டுக்குத் தலைவாசல் ஒன்று உண்டு. விருந்தினரும் ஊராரும் அதன் வழியே வருவார்கள். பல வீடுகளில் பக்கவாசல் ஒன்றும் இருக்கும். நெருங்கிய உறவினர் கதவைத் தட்டாமலே அதன் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். வானொலிப் பெட்டிக்கும் இவ்வாறு இரண்டு வாசல்கள் உண்டு. ஆகாயத்தில் வரும் அலைகளை வாங்கிக்கொள்ளும் ஏரியல் அதன் தலைவாசல். வேறொரு கருவியின் இசையைக் கம்பி வழியே உள்ளே விடும் சிறு துளை அதன் பக்கவாசல். மோட்டார் வண்டியில் தொழிற்சாலையே பொருத்தி அனுப்பிய வானொலிப் பெட்டிக்கு இந்தப் பக்கவாசல் எப்படி அமைந்தது, ஹைதராபாத் போன்ற பிறமொழி நகரில் குடியேறிய தமிழருக்கு அதனால் விளைந்த நன்மை யாது என்பதே இப்பேச்சின் பொருள்.

ஹைதராபாத்தில் தமிழர் குடியேற்றம் புதியதன்று. 1806ஆம் ஆண்டு நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் செகந்தராபாத் என்னும் படைநகர் எழுந்தது. சென்னைப் படையின் சிப்பாய்களும், அவர்களைச் சார்ந்து பிழைக்க வந்த வணிகரும் எழுத்தரும் அங்கே நிலைகொண்டார்கள். பின்னர் ரயில்வே உத்தியோகம் மேலும் பலரை அழைத்து வந்தது. பத்மாராவ் முதலியாரின் பெயரைத் தாங்கி நிற்கும் பத்மாராவ் நகர் இன்றும் அந்தப் பழைய தொடர்பை நினைவூட்டுகிறது.

இவர்களுடைய நகரத்துக்கு வானொலி வந்தது 1935ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள். தக்காண வானொலி என்ற பெயருடன், 200 வாட் சக்தியே கொண்ட கருவியால் அது ஒலிபரப்பியது. உருது அதில் முதன்மை பெற்றிருந்தது. தெலுங்கும் மராத்தியும் கன்னடமும் அந்த ராஜ்யத்து மக்களின் மொழிகளாதலால் அவற்றுக்கும் இடம் கிடைத்தது. 1950 ஏப்ரல் 1ஆம் நாள் அந்நிலையம் இந்திய அரசின் கைக்கு வந்தது. ஒரு நகரத்தின் வானொலி அந்நகரத்து மக்களின் மொழியில் பேசுவது இயல்பு. அதில் குறை காண்பதற்கில்லை. ஆயினும், தமிழ்க் குடும்பம் தமிழ் கேட்க விரும்பினால் என் செய்வது? 1938 ஜூன் 16ஆம் நாள் தொடங்கிய சென்னை நிலையத்தையும், அடுத்த ஆண்டு பிறந்த திருச்சிராப்பள்ளி நிலையத்தையும் நாட வேண்டும். பகலில் அவை எட்டா. பொழுது சாய்ந்த பிறகு மத்திய அலைகள் வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி நெடுந்தூரம் செல்லும். ஆகவே இருட்டிய பிறகு முள்ளை மெல்லத் திருப்பி, இரைச்சலுக்கு நடுவே தமிழைத் தேடிப் பிடிக்க வேண்டும். சிற்றலையில் இலங்கை வானொலியின் திரையிசையும் இவ்வாறே தேடிப் பெற்ற செல்வந்தான்.

தலைவாசல் வழியே வருவது வானத்தின் தயவையும் நிலையத்தாரின் தயவையும் பொறுத்தது. கேட்பவர் விரும்பியதை விரும்பிய வேளையில் கேட்பதற்கு வேறு வழி வேண்டும். அந்த வழி வால்வு ரேடியோக் காலத்திலேயே பிறந்துவிட்டது.

வானொலிப் பெட்டிக்குள் இரண்டு வேலைகள் நடைபெறுகின்றன. முதற்பகுதி அலையைப் பிடித்து அதிலுள்ள ஒலிக்குறியைப் பிரித்தெடுக்கிறது. இரண்டாம் பகுதி அந்த மெல்லிய குறியைப் பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது. இரண்டாம் பகுதிக்குத் தன்னிடம் வந்த குறி எங்கிருந்து வந்தது என்பது பற்றிக் கவலை இல்லை. வானிலிருந்து வந்தாலும் சரி, கிராமபோன் முள்ளிலிருந்து வந்தாலும் சரி, அது பெருக்கித் தரும். இந்த உண்மையை உணர்ந்த உற்பத்தியாளர்கள் பெட்டியின் பின்பலகையில் இரண்டு துளைகள் வைத்தார்கள். இசைத்தட்டு முள்ளின் பளிங்குப் பிக்கப்பிலிருந்து வரும் கம்பிகளை அங்கே செருகினால், ரேடியோவே கிராமபோனின் குரலாகிவிடும். இதுதான் முதற் பக்கவாசல். எனினும் அதிலே ஓர் ஆபத்தும் இருந்தது. சிலவகைப் பெட்டிகளில் உட்கூடு வீட்டு மின்சாரத்தோடு நேரே இணைந்திருந்தபடியால், அறியாமல் தொட்டால் உயிருக்கே தீங்கு நேரும். எந்தக் கம்பியை எங்கே சேர்ப்பது என்பதைத் தெரிந்து செய்ய வேண்டும் என்ற பாடம் அன்றே கற்பிக்கப்பட்டது.

கம்பியைச் செருகும் குழலுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1878இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் வியாபார முறையிலான முதல் தொலைபேசி இணைப்பகம் தொடங்கிற்று. அதன் பின் பெருகிய இணைப்பகங்களில், ஒருவரின் பேச்சை மற்றொருவருக்குச் சேர்க்கப் பணியாளர்கள் கால் அங்குலத் தடிப்புள்ள பித்தளை முனைகளைத் துளைகளில் மாற்றி மாற்றிச் செருகினார்கள். அதே முனை சிறுத்து, டிரான்சிஸ்டர் ரேடியோக்களின் செவிக்குழலுக்காக 3.5 மில்லிமீட்டர் அளவாயிற்று. இன்று நாம் ஆக்ஸ் பின் என்று அழைப்பது இதைத்தான். பேச்சை இணைப்பதற்கென்று பிறந்த முனையே பிற்காலத்தில் இசையையும் இணைத்தது.

இனி மோட்டார் வண்டிக்கு வருவோம். 1930இல் அமெரிக்காவில் பால் கால்வின் என்பவரின் தொழிலகம் மோட்டார் வண்டிக்கென்று ஒரு வானொலியைச் செய்து விற்றது. ‘மோட்டரோலா’ என்ற பெயர் அப்போதுதான் பிறந்தது. வண்டியின் பாட்டரி சில வோல்ட் அளவே தரும்; வால்வுகளுக்கோ நூற்றுக்கணக்கான வோல்ட் தேவை. முதலில் தனி பாட்டரிகளை வண்டியில் ஏற்றினார்கள். பிறகு நேர்மின்சாரத்தை அதிரவைத்து உயர்த்தும் சிறு கருவியைச் சேர்த்தார்கள். 1955இல் அமெரிக்காவில் முழுவதும் டிரான்சிஸ்டரால் ஆகிய கார் வானொலி வந்தபின் இந்தச் சிரமங்கள் அகன்றன.

ஆனால் கார் வானொலியில் பக்கவாசல் இல்லை. குலுங்கும் வண்டியில் இசைத்தட்டு முள் நிற்குமோ? அதையும் கிரைஸ்லர் நிறுவனம் முயன்று பார்த்தது. நிமிஷத்துக்கு 16⅔ முறை சுழலும் தனிவகைத் தட்டுகளோடு 1956ஆம் ஆண்டு வண்டிகளில் அது ஒரு கருவியை வைத்தது. சில ஆண்டுகளில் அம்முயற்சி மறைந்தொழிந்தது. 1963இல் பெர்லின் கண்காட்சியில் பிலிப்ஸ் நிறுவனம் காட்டிய காஸெட் நாடாவே குலுக்கலை வென்றது. கையகலப் பெட்டிக்குள் ஒரு மணி நேரத்துக்குரிய இசை அடங்கியது. காரின் வானொலியோடு காஸெட் வாயும் சேர்ந்தது.

நம் நாட்டில் 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபின், நடுத்தரக் குடும்பங்களும் மெல்ல மெல்லக் கார் வாங்கத் தொடங்கின. ஹைதராபாத்திலிருந்து விஜயவாடா, ஓங்கோல், நெல்லூர் வழியாகச் சென்னைக்கு 600 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். பண்டிகைக்கு ஊருக்குப் புறப்படும் குடும்பம் வழியெல்லாம் வானொலியில் தெலுங்கு கேட்டுக்கொண்டே வரும். ஒரு நிலையம் தேயும்போது மற்றொன்று தலைகாட்டும். நெல்லூரைத் தாண்டிச் சென்னையின் குரல் தெளிவாகக் கேட்கும்போது, பயணம் முடியும் தறுவாய்க்கு வந்துவிட்டது என்று பொருள். காஸெட் வந்த பிறகு இந்தக் காத்திருப்பு நீங்கிற்று. செகந்தராபாத் வாசலில் வண்டி கிளம்பும்போதே தமிழ்ப் பாட்டும் கிளம்பிவிடும்.

பிறகு ஒரு விசித்திரமான இடைக்காலம் வந்தது. 1979இல் சோனியின் வாக்மன், 1982இல் குறுந்தகடு, 2001இல் ஐபாட் என்று சட்டைப்பையில் அடங்கும் கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஆயிரக்கணக்கான பாடல்கள் ஒரு சிறு பேழைக்குள் குடியேறின. ஆனால் காரில் தொழிற்சாலை பொருத்திய பெட்டியோ காஸெட்டையும் வானொலியையும் தவிர வேறொன்றையும் அறியாது. பத்தாண்டு, பதினைந்தாண்டு உழைக்கும் வண்டியை, அதன் பாட்டுப் பெட்டி பழமையாகிவிட்டது என்பதற்காக யாரேனும் மாற்றுவார்களா? பக்கவாசல் இல்லாத வீட்டுக்குச் சுவரை இடித்து வாசல் வைக்கும் வேலை இங்கேதான் தொடங்கியது.

அதற்கு நான்கு வழிகள் கண்டார்கள். முதலாவது, காஸெட்டின் உருவிலேயே ஒரு பொய்க் காஸெட்டைச் செய்து, அதனுள் வைத்த காந்தத் தலையினால் பெட்டியின் தலையை ஏமாற்றுவது. இரண்டாவது, சிறிய எப்.எம். ஒலிபரப்பியை வண்டிக்குள்ளேயே வைத்து, வெற்றிடமான ஓர் அலைவரிசையில் பாட்டை அனுப்புவது. 2006 முதல் ஹைதராபாத்தில் தனியார் எப்.எம். நிலையங்கள் வந்தபின் அத்தகைய வெற்றிடம் கிடைப்பது அரிதாயிற்று. மூன்றாவது, தகடு மாற்றும் கருவிக்கென்று பெட்டியின் பின்னே தொழிற்சாலை விட்டிருந்த இணைப்பைப் பயன்படுத்துவது. அங்கே மாற்றுக்கருவி இருப்பதுபோல் பெட்டியை நம்பவைக்க ஒரு சிறு மின்சுற்று வேண்டியிருந்தது. நான்காவது, பெட்டியைத் திறந்து, ஒலிக்குறி பெருக்கிக்குள் நுழையும் இடத்தைக் கண்டறிந்து அங்கே கம்பியைப் பற்றவைப்பது. சற்றுச் சிந்தித்தால், இது பழைய வால்வு ரேடியோவின் கிராமபோன் துளையேதான் என்பது விளங்கும்.

இந்த நான்காம் வழிக்குக் கைத்திறன் தேவை. நாடாத் தலையிலிருந்து வரும் குறி ஒரு வோல்ட்டின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பாட்டுக் கருவி தருவதோ அதைவிடப் பன்மடங்கு. ஆதலால் தலையின் முனையிலேயே இணைத்தால் ஒலி சிதறிவிடும். அதைத் தாண்டி, ஒலியளவுக் குமிழுக்கு முன்னால்தான் இணைக்க வேண்டும். இடையில் ஒரு கண்டென்சர் வைத்து நேர்மின்சாரம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பாயாமல் தடுக்க வேண்டும். கருவியை வண்டியின் மின்சாரத்திலேயே ஏற்றிக்கொண்டு கேட்டால், எஞ்சினின் வேகத்துக்கேற்ப ஒரு கீச்சொலி பாட்டோடு கலக்கும். அதற்குச் சிறு டிரான்ஸ்பார்மரால் இரண்டையும் பிரிப்பதே பரிகாரம். ஹைதராபாத் இத்தகைய கைத்திறனுக்குப் புதிய ஊரன்று. 1967இல் இந்திய மின்னணுக் கழகம் இங்கே நிறுவப்பட்டது. கோட்டியின் குஜராத்தி கல்லியில் ஒலிக்கருவிகளும் உதிரிகளும் கிடைக்கும். செகந்தராபாத்தின் ராணிகஞ்சில் மோட்டார் பாகங்கள் கிடைக்கும்.

இவ்வளவு பாடுபட்டுச் சாதித்தது ஒரு பாட்டுக் கேட்பதுதானா என்று கேட்கத் தோன்றும். பிறமொழி மாநிலத்தில் வளரும் நம் குழந்தைகள் பள்ளியில் தெலுங்கும் இந்தியும் ஆங்கிலமும் படிக்கிறார்கள். அந்த மொழிகள் அவர்களை வாழவைக்கும் மொழிகள். அவற்றை அவர்கள் நன்றாகவே கற்க வேண்டும். தமிழை எழுத்தில் காணும் வாய்ப்போ பலருக்குக் குறைவு. செவி ஒன்றே எஞ்சிய வாசல். காலையில் பள்ளிக்கும் மாலையில் வீட்டுக்கும் செல்லும் அரைமணி நேரக் கார்ப் பயணத்தில், பின்னிருக்கையில் அமர்ந்த பிள்ளை கேட்கும் பாட்டும் கதையும் பல வீடுகளில் அன்றாடத் தமிழ்ப் பாடமாகின்றன. ழகரம் நாவில் படிவது இலக்கணத்தால் அன்று, கேட்டுக் கேட்டே அல்லவா?

தொழிற்சாலைகளே பின்னர் இத்துளையைத் தாமாக வைத்தன. ஆயின் காலம் மீண்டும் திரும்பியது. 2016இல் ஐபோன் தன் செவிக்குழல் துளையைக் கைவிட்டது. வேறு பல கைபேசிகளும் அவ்வழியே சென்றன. புதிய கார்கள் பலவற்றில் ஆக்ஸ் துளை இல்லை. கம்பியில்லாப் புளூடூத் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. சௌகரியம் பெருகிற்று; அதில் ஐயமில்லை. ஆனால் புளூடூத் அறியாத பழைய கருவிகளின் குரல் அந்தக் கார்களுக்குள் நுழைய வழியில்லாமற் போயிற்று.

அந்தப் பழைய கருவிகளில் இருப்பவை வெறும் பாடல்கள் மட்டுமா? கடிதம் எழுதக் கை நடுங்கிய பாட்டி காஸெட்டில் பேசி அனுப்பிய வார்த்தைகள் சில வீடுகளில் இருக்கும். தந்தையார் சொன்ன கதை, கல்யாணத்தில் பாடிய நலங்குப் பாட்டு, மறைந்துபோன ஊர் வழக்கு ஆகியவையும் அலமாரியின் மூலையில் கிடக்கும். காந்தப் பூச்சு உதிர்கிறது. ஈரத்தில் நாடாவுக்குப் பூஞ்சை பிடிக்கிறது. இவற்றை மீட்க அதே சிறு கம்பி போதும். இம்முறை திசையை மட்டும் திருப்பிக்கொள்ள வேண்டும். காஸெட் கருவியின் செவிக்குழல் துளையில் ஒரு முனையையும், கணினியின் ஒலி உள்வாங்கும் துளையில் மறுமுனையையும் செருகி, ஒலியளவை நடுத்தரமாக வைத்துப் பதிவுசெய்துகொள்ளலாம். பதிந்ததை இரண்டு பிரதிகளாக எடுத்து இரண்டு இடங்களில் வைத்துக்கொள்வது நலம்.

பாட்டு எங்கும் கிடைக்கும். இன்று இல்லாவிட்டால் நாளை கிடைக்கும். பாட்டியின் குரல் அந்த ஒரு நாடாவில் மட்டுமே இருக்கிறது. அடுத்த விடுமுறை நாளில் அலமாரியைத் திறந்து பாருங்கள்.