கொடிமலையை ஏட்டில் எழுதியவர்கள்



ஆயர் ஈத்தாமில் நின்று நிமிர்ந்து பார்த்தால் கொடிமலை தெரியும். விடுமுறையென்றால் ரயிலேறி உச்சிக்குப் போகிறோம். காற்று வாங்கிவிட்டு இறங்கி வருகிறோம். வழியோரத்துச் செடிக்குப் பேர் என்ன என்று பிள்ளை கேட்டால், "அது சும்மா காட்டுச் செடிடா" என்று சொல்லிவிடுகிறோம். அந்தச் 'சும்மா' செடிகளைத் தேடித் தேடி எழுதி வைத்தவர்களின் வரலாற்றை நாம் அறிய வேண்டாமா?

கிழக்கிந்தியக் கம்பெனி 1790களில் ஜாதிக்காய், கிராம்புக் கன்றுகளுக்காகப் போட்ட தோட்டங்களில் ஒன்று நம் ஆயர் ஈத்தாம் பள்ளத்தாக்கில்தான் இருந்தது. அது வியாபாரத்துக்கான தோட்டம். சில ஆண்டுகளில் அதை விற்றுவிட்டார்கள்.

பிறகு 1884இல் ஒருவர் வந்தார். அவர் பெயர் சார்லஸ் கர்ட்டிஸ், இங்கிலாந்துக்காரர். நாம் தண்ணீர்மலை என்று சொல்லும் பகுதியில், கருங்கல் உடைத்துக் கைவிட்ட குழியைத் திருத்திப் பூங்கா ஆக்கியவர் அவரே. 1903 வரை அதைக் கவனித்தார். அவர் காலத்தில் மலைக்கு ரயில் கிடையாது. அது ஓடத் தொடங்கியது 1923இல்தான். 833 மீட்டர் உயரத்தை நடந்தோ, குதிரையிலோ, ஆள் சுமக்கும் நாற்காலியிலோதான் ஏற வேண்டும்.

குளிர் நாடுகளில் செடியும் பூச்சியும் சேகரிக்கக் கோடை மாதங்கள் மட்டுமே உண்டு. நமக்கோ ஆண்டு முழுவதும் வெயில், கூடவே மழை. அங்கேதான் சிரமம். பறித்த செடியைத் தாளுக்கிடையில் வைத்து அழுத்தி, ஈரத்தாளை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒருநாள் விட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும். பூச்சி பிடிப்பவருக்கு எறும்பே எதிரி. நம் வீட்டில் சர்க்கரை டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் வைக்கிறோமே, அதுபோல மேசைக்கால்களைத் தண்ணீரில் நிறுத்திக் காக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எங்கே, எந்த நாளில் எடுத்தது என்று சீட்டு எழுத வேண்டும். சீட்டு இல்லாத செடி வெறும் சருகு.

இப்படிச் சேர்த்ததைக் கொண்டு, பினாங்குத் தீவில் தானாக வளரும் பூச்செடிகள், பெரணிகளின் பட்டியலை கர்ட்டிஸ் 1894இல் வெளியிட்டார்.

ஆனால் துரை மட்டுமா காடு ஏறினார்? அவரிடம் வேலை பழகியவர் முகமது ஹனிப். பிறகு பூங்காவின் மேற்பார்வையாளராக உயர்ந்தார். கிராமத்து மலாய் மருந்துகளைப் பற்றி பர்கில் என்பவருடன் சேர்ந்து எழுதிய ஆய்வு 1930இல் வந்தது. இஞ்சிக் குடும்பத்துப் பேரினம் ஒன்றுக்கு 1950இல் 'ஹனிபியா' என்று அவர் பெயரையே வைத்தார்கள். தொழிலாளியாக இருந்தாலும் கண்ணும் கவனமும் இருந்தால் அறிவுலகம் தலைவணங்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

எழுதியாகிவிட்டது, இனி என்ன என்று நினைக்காதீர்கள். கொடிமலையில் குடுவைச் செடி உண்டு. மலாய்க்காரர்கள் 'பெரியோக் கெரா', அதாவது குரங்குச் சட்டி என்பார்கள். அதில் ஒரு வகைக்குக் குடுவையின் வாயடியில் வெள்ளை வளையம் இருக்கும். அது எதற்கு? கறையானை இழுக்கும் தீனி அது என்பதை, புருணையில் ஆராய்ந்தவர்கள் 2002இல்தான் வெளியிட்டார்கள். வளையத்தைத் தின்ன வரும் கறையான்கள் கூட்டம் கூட்டமாக உள்ளே விழுந்து செடிக்கு உணவாகின்றன. நூறாண்டுக்கு மேலாகப் பார்த்த செடியிலேயே இவ்வளவு மிச்சம் இருந்தது!

2021இல் யுனெஸ்கோ கொடிமலையை உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றது. பெருமைதான். ஆனால் காப்பது பட்டயத்தால் ஆகிற காரியமல்ல. முன்பு என்ன இருந்தது என்று எழுதி வைத்திருந்தால்தான், இன்று எது இல்லாமல் போனது என்று கேட்க முடியும். கர்ட்டிஸின் பட்டியல் மலைக்கு ஒரு பிறப்புப் பதிவேடு மாதிரி.

பெற்றோர்களே, காட்டோரம் வேலை செய்த உங்களுக்குத் தெரிந்த செடிப் பெயர்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். மாணவர்களே, செடியைப் பிடுங்காதீர்கள். பார்த்த இடத்தையும் நாளையும் குறித்து, படம் வரைந்து வையுங்கள். பெரியவர்களுக்குத் தெரிந்தது எழுதப்படாவிட்டால் அவர்களோடு போய்விடும். எழுதிவிட்டால் உங்கள் பேரப்பிள்ளைக்கும் கிடைக்கும்.