வாக்குமூலமாகச் சுருங்கும் இலக்கியம்: குயர் இலக்கிய விழாவும் தமிழ் வகுப்பறையும்

குயர் சென்னை கிரானிக்கிள்ஸ் அமைப்பு 2018 ஜூலையில் சென்னையில் குயர் இலக்கிய விழாவை நடத்தியபோது, தன்பால் உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவு நடப்பில் இருந்தது. உச்ச நீதிமன்றம் அந்தத் தளையை நீக்கியது செப்டம்பர் 6 அன்றுதான். தீர்ப்புக்குக் காத்திராமல் எழுத்தாளர்களும் வாசகர்களும் கூடிப் புத்தகங்களைப் பற்றிப் பேசினார்கள். பால்புதுமையினரின் எழுத்தை இலக்கியமாகவே எடுத்து விவாதித்ததுதான் அவ்விழாவின் பெரும்பேறு. நம் வகுப்பறைகள் அந்த இடத்தை இன்னும் எட்டவில்லை.

நூல்களுக்குப் பஞ்சமில்லை. சு. சமுத்திரத்தின் ‘வாடாமல்லி’, பிரியா பாபுவின் ‘மூன்றாம் பாலின் முகம்’, லிவிங் ஸ்மைல் வித்யாவின் தன்வரலாறு ஆகியவை வந்து ஆண்டுகள் பல ஆகின்றன. சில நூல்கள் பாடமாகவும் வைக்கப்பட்டுள்ளன. ஆனால் அவை ‘விளிம்புநிலை இலக்கியம்’ என்ற அலகில் அடைக்கப்பட்டு, திருநங்கையர் படும் துயரங்களைத் தொகுத்துரைக்கச் சொல்லும் வினாவோடு முடிந்துவிடுகின்றன. மாணவர் இரக்கப்படுகிறார், மதிப்பெண் பெறுகிறார். எழுதியவரின் கலை எங்கும் பேசப்படுவதில்லை.

திருநங்கை எழுத்தாளர் ரேவதியை எடுத்துக்கொள்வோம். 2004இல் வந்த ‘உணர்வும் உருவமும்’ நூலில் அவர் பிறரது வாழ்க்கைக் கதைகளைக் கேட்டுத் தொகுத்தார். பின்னர்த் தன் கதையை எழுதினார். பிறர் குரலுக்கு இடம்விட்டு ஒதுங்கி நின்றவர் ‘நான்’ என்று சொல்லத் தொடங்கும்போது எதை முதலில் வைக்கிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார், வீட்டைப் பற்றிய மொழி திருநங்கையர் குழுமமான ஜமாத்தைப் பற்றிய மொழியிலிருந்து எங்கே மாறுகிறது? உ.வே.சா.வின் ‘என் சரித்திர’த்தை அணுகும்போது தயங்காமல் எழுப்பும் கேள்விகளே இவை. ரேவதியின் தன்வரலாறு வ. கீதாவின் மொழிபெயர்ப்பில் 2010இல் ஆங்கிலத்தில் முந்திக்கொண்டது; தமிழில் ‘வெள்ளை மொழி’ அதன் பிறகே வந்தது. தமிழ்ப் பதிப்புலகம் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பாடத்திட்டம் இடம் தரும்போதும் திருநங்கையர் எழுத்தோடு நின்றுவிடுகிறது. தமிழக அரசு 2008இலேயே திருநங்கையர் நல வாரியம் அமைத்தது; அரசு ஏற்ற அடையாளத்தைக் கல்வித்துறையும் ஏற்றது என்றே கருதுகிறேன். திருநம்பியர், தன்பாலீர்ப்பாளர் ஆகியோரின் எழுத்து வெளியிலேயே நிற்கிறது. கிரீஷின் ‘விடுபட்டவை’ போன்ற நூலைத் தமிழ்த்துறைகள் இக்கால இலக்கியத் தாளில் வைக்கத் தயங்கக் காரணமில்லை.

பழைய நூல்களிலும் வாசல்கள் உண்டு. தொல்காப்பியக் கிளவியாக்கமும் நன்னூலும் ஆண், பெண் என்ற இரண்டில் அடங்காதவரை எந்தப் பால் முடிபால் சுட்டுவது என்று ஆராய்கின்றன. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோராடலுள் பேடியாடலும் ஒன்று. ஆசிரியர்கள் பலர் இவ்விடங்களை விரைந்து கடக்கிறார்கள். அதற்காக இவற்றைக் காட்டிப் பழந்தமிழகம் சமத்துவம் கண்டது என முழங்கவும் கூடாது. இலக்கணம் ஒருவரை வகைப்படுத்தியது என்பது அவரை மதித்தது என்பதற்குச் சான்றாகாது.

மாணவர் வயதுக்கு இத்தகைய பாடம் பொருந்தாது என்பார்கள். திருநர் குழந்தைகளைப் பள்ளிக்கல்வியில் இணைப்பது குறித்து என்.சி.இ.ஆர்.டி. 2021இல் வெளியிட்ட ஆசிரியர் கையேடு எதிர்ப்பு எழுந்ததும் இணையதளத்திலிருந்து அகற்றப்பட்டது. ஆனால் அதே ஆண்டு ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் வழங்கிய உத்தரவு, பள்ளி கல்லூரிகளிலும் விழிப்புணர்வு தேவை என்றது. தமக்கு இப்பொருளில் போதிய புரிதல் இல்லை என வெளிப்படையாகக் கூறி, உளவியலாளரிடம் அமர்ந்து கற்ற பிறகே அவர் அதை எழுதினார். 2022இல் தமிழக அரசு பால்புதுமையினரைக் குறிக்கும் மரியாதையான சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. ஆக, சொல் தெரியவில்லை என்று ஆசிரியர் இனி ஒதுங்க முடியாது.

பாடத்திட்டக் குழுக்களில் அமர்ந்திருக்கும் தமிழ்ப் பேராசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த திருத்தத்தில் இந்நூல்களை நாவல், தன்வரலாறு, கவிதை என அவற்றுக்குரிய தாள்களிலேயே வையுங்கள். எழுத்தின் கலையைக் கேட்கும் வினாக்களை எழுதுங்கள். எழுதியவர்களை அழைத்து மாணவர்முன் பேசச் செய்யுங்கள், மற்ற எழுத்தாளர்களுக்குத் தரும் அதே மதிப்பூதியத்தோடு.