இருக்கைக்கு அடியில் ஒரு ஒயர்

ஒஹாயோவில் மே மாதம் வந்தால் புல் ஒரு வாரம்கூடப் பொறுக்காது. எங்கள் வீட்டைச் சுற்றி ஒன்றேகால் ஏக்கர் புல்தரை. தள்ளிக்கொண்டு நடக்கும் எந்திரத்தோடு இரண்டு வருடம் மல்லுக்கட்டினேன். மூன்றாம் வருடம், உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டும் வண்டி ஒன்றைப் பழையதாக வாங்கினேன். விற்றவர் முழுவதும் பழுது பார்த்துவிட்டதாகச் சொன்னார். சாவியைத் திருகியதும் கிளம்பியது. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

ஊரிலிருந்து அப்பா வந்திருந்தார். முன்வாசல் நாற்காலியில் உட்கார்ந்து நான் ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேப்பிள் மரத்தடியில் ஒரு கிளை விழுந்து கிடந்தது. வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் இறங்கி, அதை எடுக்கக் குனிந்தேன்.

"டேய், காலை எடுடா! உள்ள பிளேடு சுத்துது!"

குனிந்த வாக்கில் பார்த்தேன். என் செருப்பு நுனிக்கும் இரும்பு மூடியின் விளிம்புக்கும் நடுவே ஒரு சாண் இருக்கும். மூடிக்கு உள்ளே 2 அலகுகள் முழு வேகத்தில் சுழன்றுகொண்டிருந்தன. புல்வெட்டப் போனவன் செருப்புப் போட்டிருந்ததே தவறு. அது தனி.

அப்பா பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். எஞ்சினை அணைத்துவிட்டு, யாரையும் கேட்காமல் இருக்கையைத் தூக்கினார். அடியில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு சுவிட்ச், எதிலும் சேராமல் தொங்கியது. அதில் செருகியிருக்க வேண்டிய இணைப்பின் இரண்டு துளைகளையும் விரல் நீள ஒயர் ஒன்று சேர்த்திருந்தது. மேலே கறுப்பு டேப் சுற்றியிருந்தது.

"சுவிட்சை டைரக்ட் பண்ணி விட்டிருக்கான்ப்பா எவனோ. ஆள் உக்காந்திருக்கான்னு வண்டியை ஏமாத்துற வேலை இது" என்றார்.

அந்த ஒயர் என்னை விடவில்லை. புல்லை வெட்டும் ஓர் அலகு, மனிதனின் தொடைக்கு அடியில் வந்து உட்காரும்வரை என்னவெல்லாம் நடந்தது என்று அதன் பிறகு தேடித் தேடிப் படித்தேன்.

கதை துணி ஆலையில் தொடங்குகிறது. இங்கிலாந்தின் குளூஸ்டர்ஷையரில் ஸ்ட்ரௌட் என்ற ஊர் கம்பளித் துணிக்குப் பெயர்போனது. நெய்த கம்பளியின் மேலே நிற்கும் பிசிறை ஒரே மட்டமாகச் சீவ, சுருள் அலகுகள் பொருத்திய உருளை ஒன்று அங்கே ஆலைகளில் ஓடியது. எட்வின் பியர்ட் படிங் என்ற பொறியாளர் அதைப் பார்த்தார். துணியின் பிசிறை வெட்டுவது புல்லின் தலையை வெட்டாதா என்று யோசித்தார். 1830 ஆகஸ்டில் காப்புரிமை பெற்றார். ஜான் ஃபெராபீ என்பவரின் வார்ப்பாலையில் எந்திரம் உருவானது. 19 அங்குல அகலத்துக்கு வெட்டும். லண்டன் ரீஜண்ட்ஸ் பார்க் விலங்கியல் தோட்டம் முதலில் வாங்கியவற்றுள் ஒன்று. படிங் 1846-இல் இறந்தார். திருகினால் வாய் அகலும் ஸ்பேனரும் அவர் கைவண்ணம் என்பார்கள். என் அப்பா வாழ்நாள் முழுக்கப் பிடித்த கருவி அது.

படிங்கின் எந்திரத்தில் ஒரு குணம் இருந்தது. பின்னால் உருளும் உருளைதான் பல்சக்கரங்கள் வழியாக அலகைச் சுழற்றியது. தள்ளுகிறவன் நடந்தால் அலகு சுழலும். அவன் நின்றால் அலகும் நிற்கும். தடுக்கி விழுந்தாலும், தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கப் போனாலும், வேறு யாரும் எதையும் அணைக்க வேண்டியதில்லை. அதற்கு முன்பு புல்லறுத்த அரிவாளுக்கும் இதே குணம்தான். கை ஓய்ந்தால் இரும்பு ஓய்ந்தது. அந்த எந்திரத்துக்குப் பாதுகாப்புச் சுவிட்ச் தேவைப்படவில்லை. தள்ளுகிறவனின் உடம்பே சுவிட்ச்.

அந்தக் கட்டு மெல்ல மெல்ல அவிழ்ந்தது. 1842-இல் ஸ்காட்லாந்தின் அர்ப்ரோத்தில் அலெக்ஸாண்டர் ஷாங்ஸ் மட்டக்குதிரை இழுக்கும் எந்திரத்தைச் செய்தார். குளம்பு பதிந்து புல்தரை கெடாமல் இருக்கக் குதிரைகளுக்குத் தோல் காலணி மாட்டி விட்டார்கள். 1893-இல் லங்காஷையரின் லேலண்ட் ஊரைச் சேர்ந்த ஜேம்ஸ் சம்னர் நீராவியில் ஓடும் புல்வெட்டிக்குக் காப்புரிமை வாங்கினார்.

லேலண்ட் என்றதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஆம், அதே லேலண்ட்தான். சம்னரும் ஸ்பரியர் குடும்பமும் சேர்ந்து 1896-இல் நீராவி வண்டி நிறுவனம் தொடங்கினார்கள். 1907-இல் அது லேலண்ட் மோட்டார்ஸ் ஆனது. சென்னை எண்ணூரில் 1948-இல் பிறந்த அசோக் மோட்டார்ஸ், லேலண்ட் கைகோத்த பின் 1955-இல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறியது. அப்பா முப்பது வருடம் அந்த நிறுவனத்தின் பஸ்களுக்கு அடியில் படுத்துக் கிடந்தவர்.

"அப்ப நம்ம பஸ்ஸுக்குத் தாத்தா முறை ஆகுதா இந்தப் புல்லு வண்டி?" என்று கேட்டுவிட்டு, வண்டியின் மூடியை ஒருமுறை தட்டிப் பார்த்தார்.

நீராவி புல்வெட்டிகள் பெருங்கனம். கொதிகலன் சூடேறக் காத்திருக்கவும் வேண்டும். 1902-இல் இப்ஸ்விச்சின் ரான்சம்ஸ் நிறுவனம் பெட்ரோல் எந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் அகலம் 42 அங்குலம். என் வண்டியின் அகலமும் அதேதான். 42 அங்குலத்தில் ஓர் ஏக்கரை வெட்டி முடிக்க ஏறத்தாழ 3.8 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். படிங்கின் 19 அங்குலத்தில் அதே ஏக்கருக்கு 8 கிலோமீட்டருக்கு மேல் தள்ள வேண்டியிருந்திருக்கும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், மனிதன் ஏன் உட்கார ஆசைப்பட்டான் என்பது புரியும். அதில் தப்பில்லை.

உண்மையான திருப்பம் அலகில் நடந்தது. படிங்கின் உருளை கத்தரிக்கோல் போல: நகரும் அலகு, நகராத அலகு, நடுவே புல். மெதுவாகச் சுற்றினாலும் வெட்டும். இருபதாம் நூற்றாண்டில் பரவிய புதுவகையில் இரண்டாவது அலகே கிடையாது. தட்டையான ஓர் இரும்புப் பட்டை, விசிறி போல் தரைக்கு இணையாகச் சுழன்று, வேகத்தின் பலத்தால் மட்டுமே புல்லை அடித்து அறுக்கிறது. ஆஸ்திரேலியாவில் மெர்வின் விக்டர் ரிச்சர்ட்சன் 1952-இல் செய்து பார்த்த முதல் விக்டா எந்திரத்துக்குப் பெட்ரோல் தொட்டியாக இருந்தது ஒரு பீச் பழ டப்பா. அவ்வளவு எளிய அமைப்பு. விலை குறைந்தது, உயரமான புல்லையும் வெட்டியது, உலகமெங்கும் போனது.

ஆனால் வேகம் இல்லாமல் இந்த அலகுக்கு வாழ்வில்லை. அலகின் நுனி நிமிடத்துக்கு 19,000 அடியைத் தாண்டக் கூடாது என்கிறது அமெரிக்கத் தர விதி. அது மணிக்கு சுமார் 347 கிலோமீட்டர். அனுமதிக்கப்பட்ட எல்லையே அதுதான். அந்த நுனியில் ஒரு கூழாங்கல்லோ நாய் கடித்துப் போட்ட எலும்போ பட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் புல் வெளியேறும் வாய்க்கு மேல் ஒரு தடுப்பு மடல் இருக்கும். குப்பை அடைக்கிறது என்று அதைக் கழற்றி எறிகிறவர்கள் உண்டு. அடைப்பு எடுக்கும் சிரமமும் பக்கத்தில் விளையாடும் பிள்ளையின் கண்ணும் ஒன்றாகுமா?

இரண்டாம் உலகப் போர் முடிந்து அமெரிக்கப் புறநகர்கள் முளைத்தபோது, வீட்டுக்கு முன் புல்தரை என்பது கௌரவமாகவும் சில இடங்களில் கட்டாயமாகவும் ஆனது. 1947-இல் எழத் தொடங்கிய லெவிட்டவுன் என்ற புறநகரில் வாரம் ஒருமுறை புல் வெட்டியே தீர வேண்டும் என்று நிபந்தனை இருந்தது. மனைகள் பெருத்தன. உட்கார்ந்து ஓட்டும் வண்டிகளைப் பலரும் செய்தார்கள். 1963-இல் ஜான் டியர் நிறுவனம் விஸ்கான்சினின் ஹோரிகானில் 110 என்ற தன் முதல் தோட்ட டிராக்டரைச் செய்தது. 7 குதிரைத்திறன். விதைப்பு எந்திரம் செய்துகொண்டிருந்த பழைய ஆலை அது.

இப்படித்தான் அலகு மனிதனுக்கு முன்னாலிருந்து நகர்ந்து அவனுக்கு அடியில் போனது. கண்ணுக்குத் தெரியாது, எஞ்சின் சத்தத்தில் காதுக்கும் தெரியாது. அவன் நின்றால் அது நிற்பதில்லை.

அந்த இழப்பை ஈடுகட்ட வந்ததுதான் சுவிட்ச். தள்ளும் எந்திரத்தின் கைப்பிடியை விட்டால் 3 வினாடிக்குள் அலகு நிற்க வேண்டும் என்று அமெரிக்க அரசு விதித்தது. 1982 ஜூன் 30-க்குப் பிறகு செய்தவை அனைத்துக்கும் அது பொருந்தும். உட்கார்ந்து ஓட்டும் வண்டிக்குத் தொழில்துறையின் தர விதி 5 வினாடி. அலகு ஓடும்போது ஓட்டுகிறவர் எழுந்தால், இருக்கையின் வில் மேலே வரும், சுவிட்ச் மாறும், எஞ்சினின் தீப்பொறி அறுந்துபோகும். பிரேக் மிதியிலும் அலகை இயக்கும் பிடியிலும் இதே போன்ற சுவிட்சுகள் உண்டு. புதிய வண்டிகள் பலவற்றில் ரிவர்ஸ் எடுத்தாலே அலகு நின்றுவிடும். பின்னால் ஓடிவந்த குழந்தையைப் பார்க்காமல் ரிவர்ஸ் எடுத்த தகப்பன்களும் தாத்தாக்களும் பட்ட துயரத்திலிருந்து பிறந்தது அந்த ஏற்பாடு. 16 வயதுக்குக் கீழ் யாரும் இந்த வண்டியை ஓட்டக் கூடாது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் அறிவுரை. மடியில் குழந்தையை வைத்து ஒரு சுற்று என்பதும் வேண்டவே வேண்டாம். அந்தச் சுற்றின் ருசி பிள்ளைக்குப் பிடித்துப்போகும். அடுத்த முறை சத்தம் கேட்டதும் தானாக வண்டியை நோக்கி ஓடிவரும்.

அப்படியானால் எவனோ ஒருவன் ஏன் டைரக்ட் பண்ணினான்? எனக்குப் புரிகிறது. மேடுபள்ளத்தில் உடம்பு தூக்கிப் போடும்போது எஞ்சின் அணைந்திருக்கும். இல்லை, சுவிட்ச் துருப்பிடித்து வண்டி கிளம்பவே மறுத்திருக்கும். எரிச்சலில் ஒரு ஒயர், இரண்டு சுற்று டேப். படிங்கின் எந்திரத்துக்குப் பிறவியிலேயே இருந்த குணத்தை, நூற்றைம்பது வருடம் கழித்துத் திரும்பக் கொடுத்ததை, ஐந்து நிமிடத்தில் பிடுங்கிவிட்டான்.

அடுத்த நாள் அப்பா வண்டியை முழுதாகப் பார்க்க வேண்டும் என்றார். முதல் வேலையாக ஸ்பார்க் பிளக் ஒயரைக் கழற்றி, பிளக்கில் படாதபடி ஒதுக்கி வைத்தார். அலகைக் கையால் திருப்பினால் எஞ்சினும் திரும்பும் எந்திரங்கள் உண்டு. தீப்பொறி இருந்தால் அதுவே கிளம்பிவிடலாம். முன்சக்கரங்களைச் சரிவுப் பலகையில் ஏற்றி, பின்சக்கரங்களுக்கு அடை வைத்தோம். ஜாக்கியை மட்டும் நம்பி எதற்கு அடியிலும் படுக்கக் கூடாது என்பது அவர் டெப்போவில் கற்ற பாடம். மூடியின் உட்புறத்தில் காய்ந்த புல் சாணி வரட்டி கணக்காக இரண்டு விரல் கனத்துக்கு அப்பியிருந்தது. மரக்கட்டையால் சுரண்டினோம். சைலன்சரைச் சுற்றி உலர்ந்த புல். சூட்டில் அது பற்றினால் வண்டியோடு கொட்டகையும் போகும். எஞ்சின் விசிறி மூடியைக் கழற்றினால் உள்ளே எலிக்கூடு, பஞ்சு பஞ்சாக. காற்றுப் போகும் வழியை அது பாதி மறித்திருந்தது.

அலகுகளைக் கழற்றி, பழைய கோணம் மாறாமல் அரத்தால் ராவினார். சவரக்கத்தி மாதிரி கூர் வேண்டாம், மழுங்கிவிடும் என்றார். பிறகு சுவரில் ஓர் ஆணி அடித்து, அலகின் நடுத்துளையை அதில் மாட்டினார். இடப்பக்கம் தாழ்ந்தது. தாழ்ந்த பக்கத்தில் மேலும் நாலு இழுப்பு. மறுபடி மாட்டினார். இப்போது அலகு தராசுக் கோல் போல் அசையாமல் நின்றது. எடை ஒத்துப்போகாத அலகு வண்டியை உதறும், பேரிங்கைத் தின்னும். வெட்டு வாய் தெளிந்தால் புல்லின் நுனியும் கிழியாமல், பழுக்காமல் இருக்கும்.

ஆயிலை மாற்றினோம், பெரும்பாலான வண்டிகளுக்கு 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை. பின்சக்கரம் ஒன்றில் காற்று குறைவு. அதனால்தான் ஒரு பக்கம் ஒட்ட வெட்டியிருக்கிறது. பெட்ரோல் எப்போதும் எஞ்சின் ஆறிய பிறகு, வெளியில் வைத்து, கேனைத் தரையில் இறக்கி.

வீட்டுக்குப் பின்னால் ஓடையை ஒட்டி ஒரு சரிவு. உட்கார்ந்து ஓட்டும் வண்டியைச் சரிவில் மேலும் கீழுமாகத்தான் ஓட்ட வேண்டும், குறுக்கே கூடாது. 15 டிகிரிக்கு மேல் அறவே கூடாது. பத்தடி தூரத்துக்கு 2 அடி 8 அங்குலம் ஏறினால் அது 15 டிகிரி. பலகையும் டேப்பும் வைத்து அளந்தோம். எங்கள் சரிவு அதைத் தாண்டியது. அதைக் காட்டுச் செடிகளுக்கே விட்டுவிட்டேன். ஈரப் புல்லிலும் இப்போது ஓட்டுவதில்லை.

புதுச் சுவிட்ச் ஒரு வேளைச் சாப்பாட்டு விலைதான். அப்பா பொருத்தினார். யாரையும் பக்கத்தில் விடாமல், அலகை ஓடவிட்டு, இருக்கையிலிருந்து லேசாக எழும்பிப் பார்த்தேன். எஞ்சின் அடங்கியது.

உங்கள் வீட்டில் இப்படி ஒரு வண்டி இருந்தால், அடுத்த முறை கிளப்பும் முன் சாவியை எடுத்துவிட்டு இருக்கையைத் தூக்கிப் பாருங்கள். அங்கே ஒரு ஒயர் குறுக்கே போயிருந்தால், அன்றைக்குப் புல் வெட்ட வேண்டாம்.