பட்டாவும் பட்டதாரியும்

புதுச்சேரியை அடுத்த உழவர்கரையைப் பிரெஞ்சுக்காரர்கள் தம் வாய்க்கு ஏற்ப 'உல்கரே' ஆக்கினார்கள். தமிழில்தான் அந்தப் பெயருக்குள் உழவர் இன்னும் இருக்கிறார். உழவர்கரை நகராட்சியைச் சேர்ந்த லாஸ்பேட்டையில் தாகூர் கலைக் கல்லூரியும் காஞ்சி மாமுனிவர் பட்ட மேற்படிப்பு மையமும் உள்ளன. அதனால் இங்கே 'பட்டதாரி' என்பது நாளும் காதில் விழும் சொல்.

உழவருக்குப் 'பட்டம்' புதிதல்ல. ஆடிப் பட்டம், தைப் பட்டம் என்று விதைப்புப் பருவத்துக்கே அந்தப் பெயர் உண்டு. கல்விப் பட்டம் வந்த வழி வேறு. வடமொழியில் 'பட்ட' என்றால் துணிப் பட்டை, தகடு. அரசன் நெற்றியில் பொற்பட்டம் கட்டினார்கள். அரசனும் பிறருக்குப் பட்டம் அளித்தான்: படைத்தலைவனுக்கு ஏனாதி, வணிகனுக்கு எட்டி, வேளாளருக்குக் காவிதி. செப்புத் தகட்டில் வெட்டியது பட்டயம். நில உரிமைக்குத் தந்தது பட்டா. 'தாங்குபவர்' எனப் பொருள்படும் 'தாரி' சேர்ந்து பட்டதாரி பிறந்தார்.

பட்டாதாரர், பட்டதாரி. சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். முன்னதின் 'தார்' பாரசீகம், பின்னதின் 'தாரி' வடமொழி. ஆனாலும் அண்ணன் தம்பி போல ஒலிக்கின்றன. பட்டா இல்லாத வீடுகளிலிருந்து பட்டதாரிகள் வந்ததே சென்ற நூற்றாண்டின் பெரிய மாற்றம் என்பேன்.

அந்த மாற்றத்தின் தலைமுறையைச் சேர்ந்தவர் தமிழ் ஆய்வாளர் ராஜ் கௌதமன். 1950இல் விருதுநகர் மாவட்டத்துப் புதுப்பட்டியில் தலித் குடும்பத்தில் பிறந்து, புதுவை அரசுக் கல்லூரிகளில் தமிழ் கற்பித்தவர். காஞ்சி மாமுனிவர் மையத்தில் தமிழ்த்துறைத் தலைவராக ஓய்வு பெற்றார். அவருடைய தங்கை எழுத்தாளர் பாமா. இவர்களின் பாட்டிமார் நிலக்காரர் வீடுகளில் வேலை செய்தவர்கள். பாமா 1992இல் எழுதிய 'கருக்கு' என்ற தன்வரலாற்று நூலில் ஒரு காட்சி. அவருடைய தெருப் பெரியவர் ஒருவர் நிலக்காரருக்கான பலகாரப் பொட்டலத்தைக் கையால் தொடாமல், கட்டிய நூலைப் பிடித்துத் தூக்கி வருகிறார். அதைப் பார்த்த சிறுமி பாமாவுக்குச் சிரிப்பு வருகிறது. தீட்டு என்பதால்தான் அப்படி என்று அண்ணன் விளக்கியதும் சிரிப்பு போய்விடுகிறது. படிப்பில் முந்தி நில், மற்றவர்கள் தாமே உன்னைத் தேடி வருவார்கள் என்கிறார் அண்ணன். அவள் வகுப்பில் முதலாக வந்தாள். பின்னாளில் ஆசிரியை ஆனாள். இன்று மேடை போட்டு, ஒலிபெருக்கி வைத்துப் பேசும் தன்னம்பிக்கைப் பேச்சு அன்று ஓர் அண்ணன் தங்கைக்குச் சொன்ன சில வார்த்தைகளாக இருந்தது.

2010இல் தமிழ்நாடு அரசு முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குத் தொழிற்கல்விக் கட்டணச் சலுகை அறிவித்தது. அதற்கான சான்றிதழ் கேட்கும் படிவத்தில் தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, உடன்பிறந்தோர் என ஒவ்வொருவரின் படிப்பையும் நிரப்ப வேண்டும். 'படி' என்று முதலில் சொன்னவர் பெயருக்கு அதில் இடம் இல்லை. உங்கள் வீட்டில் அதைச் சொன்னவர் யார் என்று கேட்டு, அந்தப் பெயரை எங்காவது எழுதி வையுங்கள்.